வயிற்று வலி என்று சொன்ன பிள்ளை

அருப்புக்கோட்டையில் பதினாறு வருடமாக ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதணி விழா, கோயில் கொடை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடிப்போம். முகூர்த்த மாதங்களில் அதிகம் வருவது பூப்புனித நீராட்டு விழா பேனர்தான். பத்துக்கு எட்டு சைஸில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை பட்டுப்பாவாடையோடு நடுவில் நிற்கும். ஓரத்தில் தாய்மாமன்மார் கூலிங் கிளாஸோடு வரிசை கட்டி நிற்பார்கள். என் தங்கச்சி மகளுக்கும் நான்தான் அடித்தேன். தாய்மாமன் என்பதால் காசு வாங்கவில்லை, என் படத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாக வைத்துக்கொண்டேன்.

ஒரு பிள்ளை வயதுக்கு வந்ததைத் தெருமுனையில் கட்டி ஊருக்கே சொல்கிற தொழில். அந்தக் கடைக்காரன் வீட்டில்தான், என் மகன் தனக்கு எந்த இடத்தில் வலிக்கிறது என்று வாய் திறந்து சொல்ல முடியாமல் கிடந்தான். இதை எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன். "பேர் போடாதீங்க, மத்தபடி எழுதுங்க" என்றான்.

மூன்று வருடத்துக்கு முன்பு அவன் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தான். ராத்திரி இரண்டரை மணி இருக்கும். எங்கள் அறைக் கதவருகே வந்து நின்று "அம்மா, வயிறு வலிக்குது" என்றான். முந்தின நாள் சாப்பிட்டது கடைப் பரோட்டா. பழியை அதன் மேல் போட்டுவிட்டு, ஓமத்தண்ணீர் கொடுத்து, தொப்புளைச் சுற்றிப் பெருங்காயத்தைக் குழைத்துத் தடவிப் படுக்க வைத்தோம். நாலு மணிக்கு வாந்தி எடுத்தான். அப்போதும் பரோட்டாதான். விடிந்ததும் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். டாக்டர் வயிற்றை அங்கங்கே அமுக்கி "இங்க வலிக்குதா, இங்க வலிக்குதா" என்று கேட்டார். இவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். ஒரு ஊசி, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், அவ்வளவுதான். பேன்ட்டை இறக்கிப் பார்க்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. நான் கடைக்குப் போய்விட்டேன். இரண்டு பேனர் டெலிவரி இருந்தது.

மத்தியானம் ஊரிலிருந்து என் அம்மா வந்தாள். பாலவநத்தம் பக்கம் ஆடு வைத்துப் பிழைத்தவள். பேரன் சுவரைப் பிடித்துக்கொண்டு, காலை அகட்டி அகட்டிப் பாத்ரூமுக்கு நடந்ததைப் பார்த்திருக்கிறாள். மந்தையில் ஒரு ஆடு நொண்டினால் எந்தக் கால் என்று தூரத்திலிருந்தே சொல்கிற ஆள். "ஏலே, விதையில வலிக்குதாடா?" என்று நடுவீட்டில் நின்று கேட்டாளாம். என் மனைவி "அத்தே, என்ன பேச்சு இது" என்று சொல்லி முடிப்பதற்குள் அவன் "ஆமா அப்பத்தா" என்று உடைந்து அழுதுவிட்டான்.

கார் பிடித்து மதுரை போய், ஸ்கேன் எடுத்து, ஆபரேஷன் தியேட்டருக்குள் அவனைத் தள்ளிக்கொண்டு போகும்போது சாயங்காலம் நாலரை. வலி ஆரம்பித்துப் பதினான்கு மணி நேரம்.

அங்கிருந்த சர்ஜன் ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். விந்தகத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய்கள் ஒரு கயிறு மாதிரி மேலேயிருந்து இறங்குகின்றன. சிலருக்குப் பிறவியிலேயே விந்தகம் பையோடு ஒட்டி நிற்காமல் மணியின் நாக்கு மாதிரித் தொங்குமாம். அது தன்னைத்தானே சுற்றிக்கொண்டால் கயிறு முறுக்கிக்கொள்ளும், ரத்த ஓட்டம் நின்றுவிடும். பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயதுக்குள் அதிகம் வருகிறது. அடிபட வேண்டும் என்றில்லை, தூங்குகிறபோதே வரும். வலி அடிவயிற்றுக்கு ஏறும், வாந்தி வரும். அதனால் வயிற்றுக் கோளாறு என்று ஏமாந்தவர்கள் நாங்கள் மட்டும் இல்லையாம். ஆறு மணி நேரத்துக்குள் கொண்டுவந்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். பன்னிரண்டு மணி நேரம் தாண்டினால் வாய்ப்பு மளமளவென்று குறையும். ஒரு நாள் ஆகிவிட்டால் அநேகமாகப் போனதுதான். ஆண்பிள்ளை வைத்திருக்கிற எல்லோரும் இந்தப் பத்தியை மட்டுமாவது இன்னொரு தரம் படித்துவிடுங்கள். திடீரென்று விதைப்பையில் வலி என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தானாகக் குறைந்துவிட்டாலும் காட்டியே ஆக வேண்டும், திரும்ப முறுக்கிக்கொள்ளலாம்.

இடது பக்கத்தை எடுத்துவிட்டார்கள். வலது பக்கம் அப்படி ஆகாமல் இருக்க உள்ளே தையல் போட்டு நிறுத்தினார்கள்.

மறுநாள் ராத்திரி, வார்டில் விளக்கை அணைத்த பிறகு அவன் கேட்டான்: "அப்பா, எனக்கு மீசை வருமா?" எனக்குப் பதில் தெரியவில்லை. டியூட்டி டாக்டரைப் போய்க் கூட்டிவந்தேன். ஹார்மோனுக்கும், பின்னால் பிள்ளை பெற்றுக்கொள்வதற்கும் ஒன்று போதும் என்று அவர் கட்டிலில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். மீசை வந்துவிட்டது. இப்போது என் ஷேவிங் செட்டை எடுத்துக்கொண்டு தர மாட்டேன் என்கிறான்.

"ஏன் தம்பி அன்னிக்கே சொல்லல?" இதற்கு அவன் ஒரே நாளில் பதில் சொல்லவில்லை. மாதக்கணக்கில், துண்டு துண்டாக வந்தது.

முதலில் வந்தது இது: "அதுக்கு எனக்குத் தெரிஞ்ச வார்த்தை எல்லாமே கெட்ட வார்த்தைப்பா." உண்மைதான். சின்ன வயதில் குளிப்பாட்டும்போது சொல்லிக்கொடுத்த செல்லப் பேர் பதினாலு வயதுப் பையன் வாயில் வராது. தெருவில் கேட்பதெல்லாம் வசவு. எட்டாம் வகுப்பு அறிவியலில் 'வளரிளம் பருவமடைதல்' என்று தனிப் பாடமே இருக்கிறது, அவனும் படித்துத்தான் ஒன்பதாவதுக்குப் போனான். ஆனால் அந்தப் பாடத்தை வகுப்பில் யாரும் வாய்விட்டு வாசிக்கவில்லையாம், வீட்டில் படித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்களாம். "ராத்திரி வந்து விந்தகம் வலிக்குதுன்னு சொன்னா நீங்க சிரிச்சிருப்பீங்க." சிரித்திருப்பேனோ என்னவோ. என் அம்மாவிடம் ஒரு வார்த்தை இருந்தது. கிடாய்க்குக் காயடிக்கும்போது புழங்கிய வார்த்தை, அதில் கூச்சம் ஒட்டவில்லை. அந்தப் பட்டியில் வளர்ந்த எனக்கும் அது தெரிந்த வார்த்தைதான். டவுனுக்கு வந்த பிறகு வீட்டில் ஒரு தடவைகூட நான் அதைச் சொன்னதில்லை.

அடுத்தது வர இரண்டு மாதம் ஆயிற்று. சுய இன்பம் செய்ததால்தான் இப்படி ஆனது என்று நினைத்திருக்கிறான். சொன்னால் அது தெரிந்துவிடும் என்று பயம். யார் சொன்னது என்று கேட்டேன். "நம்ம கடையிலதான் படிச்சேன்" என்றான்.

மாதம் ஒரு நாள் லாட்ஜில் அறை எடுத்துத் தங்கி 'பரம்பரை வைத்தியம்' பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள் இல்லையா, அவர்களில் இரண்டு பேருக்குப் பிட் நோட்டீஸ் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இளமையில் செய்த தவறு, நரம்புத் தளர்ச்சி, ரத்தம் வற்றிப்போகும் என்கிற வாசகத்தை எல்லாம் கம்ப்யூட்டரில் அடித்து, எழுத்துப்பிழை திருத்தியவன் நான். மேசையில் கிடந்த ப்ரூஃபைத்தான் ஸ்கூல் விட்டு வந்த பையன் படித்திருக்கிறான். ஒற்றுப்பிழை பார்த்தேனே தவிர, அதில் இருப்பது உண்மையா என்று பார்க்கவில்லை.

சுய இன்பத்தால் விந்தகம் முறுக்காது, நரம்பு தளராது. ஒரு சொட்டு விந்துக்கு நாற்பது சொட்டு ரத்தம் என்ற கணக்குக்கு மருத்துவத்தில் இடமில்லை. தூக்கத்தில் விந்து வெளியேறுவதும் அந்த வயதில் சாதாரணம். இதையெல்லாம் அவனுக்கும் எனக்கும் சேர்த்துச் சொன்னது என் மச்சினன், மதுரையில் ஸ்டாஃப் நர்ஸ். விந்து போனால் சத்தே போய்விடும் என்று பயந்து பயந்தே அசதியும் பதற்றமுமாகத் திரிகிறவர்கள் நம் நாட்டில் அத்தனை பேர் இருக்கிறார்களாம். மனநல மருத்துவத்தில் அதற்குத் 'தாத் சிண்ட்ரோம்' என்று தனிப் பெயரே உண்டு, 1960இல் டாக்டர் என்.என். விக் வைத்த பெயர் என்றான். அந்த நோட்டீஸ் வேலையை அந்த மாதமே விட்டேன். அவர்கள் நாலு கடை தள்ளி இன்னொருவரிடம் அடித்துக்கொள்கிறார்கள், அது வேறு விஷயம்.

கடைசியாக அவன் சொன்ன காரணம் என்னைப் பற்றியது. ஆறாவது படிக்கும்போது டிவி விளம்பரத்தைப் பார்த்து "காண்டம்னா என்னப்பா" என்று கேட்டானாம். "எவன்டா சொல்லிக் குடுத்தான்?" என்று நான் கையை ஓங்கினேனாம். எனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. அவனுக்கு நான் போட்டிருந்த சட்டை நிறம்வரை ஞாபகம் இருக்கிறது.

சரி, இனி பேசுவோம் என்று முடிவெடுத்து நான் செய்த முதல் காரியம் சொதப்பல். ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியை அணைத்து, அவனைச் சோபாவில் உட்கார வைத்து, எதிரில் நாற்காலி போட்டு நானும் மனைவியும் உட்கார்ந்து, "உனக்கு எதுனாலும் எங்ககிட்ட மனசு விட்டுப் பேசலாம்" என்றேன். ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்துவிட்டு "சரிப்பா" என்று எழுந்து போய்விட்டான். பேசலாம் என்று அறிவித்துவிட்டால் யார் பேசுவார்கள்?

வழி கிடைத்தது தற்செயலாகத்தான். ஆஃப்செட் வேலைக்காக அடிக்கடி சிவகாசி போவேன். ஒரு சனிக்கிழமை அவனும் பைக்கில் ஏறிக்கொண்டான். விருதுநகர் தாண்டியதும் முதுகுக்குப் பின்னாலிருந்து, "ஏம்ப்பா, ஒண்ணு இல்லாட்டி வெளிய பார்த்தா தெரியுமா?" என்றான். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னேன். முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியதில்லை, லாரி சத்தத்தில் பாதி வார்த்தை காற்றோடு போகிறது, பேச்சு பிடிக்காவிட்டால் "டீ குடிப்பமா" என்று மாற்றிவிடலாம். அன்று போகவர ஒன்றரை மணி நேரம், பதினாலு வருடத்தில் பேசாததைப் பேசினோம். இப்போதும் அவனுக்கு ஏதாவது கேட்க வேண்டும் என்றால் "சிவகாசி போறீங்களா?" என்பான். வேலை இல்லாவிட்டாலும் போவேன்.

பைக்கில்தான் என் வாயையும் அடக்கக் கற்றேன். எனக்குத் தானாக வருகிற முதல் கேள்வி "யார் சொன்னா?" அல்லது "உனக்கெப்படித் தெரியும்?" அது விசாரணை. அதற்குப் பதில் "சரி, அப்புறம்?" என்று சொல்லப் பழகினேன். சொல்வதற்குள் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. 'என் ஃப்ரெண்டுக்கு ஒரு டவுட்டாம்' என்று ஆரம்பித்தால் எந்த ஃப்ரெண்ட் என்று கேட்பதே இல்லை. ஃப்ரெண்டுக்கே பதில் சொல்லி அனுப்புவேன். தெரியாததைத் தெரியாது, மாமாவிடம் கேட்போம் என்பேன். அவனுக்கு மாமாவிடம் நேரடியாகப் போன் போடுவது இன்னும் வசதியாகப் போய்விட்டது. என்னிடம் கேட்காததை அவரிடம் கேட்கிறான் என்று தெரிந்தபோது ஒரு வாரம் எனக்கு உள்ளுக்குள் புகைந்தது. அப்பன் நான் இருக்கும்போது என்று. அப்புறம் யோசித்தால், அன்றைக்கு அவனைக் காப்பாற்றியதே அப்பன் இல்லை, அப்பத்தாதான்.

நடுவில் ஒருமுறை எல்லாம் கெட்டது. பைக்கில் அவன் சொன்ன ஒரு விஷயத்தை மனைவியிடம் சொன்னேன், அவள் தன் அக்காவிடம் சொன்னாள், ஒரு கல்யாண வீட்டில் பெரியம்மா அவனைப் பார்த்துச் சிரித்தார். இரண்டு மாதம் சிவகாசிப் பக்கமே வரவில்லை. மன்னிப்புக் கேட்டேன். மகனிடம் மன்னிப்புக் கேட்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை, நாக்கு எழவில்லை, ஆனாலும் கேட்டேன். அதிலிருந்து "இதை அம்மாகிட்ட சொல்லட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் சொல்வது. கூடவே இன்னொன்றும் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். உனக்கோ வேறு பிள்ளைக்கோ யாராவது தொந்தரவு கொடுத்தால், உயிருக்கு ஆபத்து என்றால், அதை மட்டும் என்னால் மூடி வைக்க முடியாது, சொல்ல வேண்டிய இடத்தில் சொல்வேன். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பாலியல் தொந்தரவு நடந்தது தெரிந்தால் போலீஸில் சொல்லியாக வேண்டும் என்பது 2012ஆம் வருடத்துப் போக்சோ சட்டம்.

அப்படிச் சொல்லி வைத்தது பதினொன்றாவது படிக்கும்போது உதவியது. அவர்கள் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மாணவியின் அந்தரங்கப் படம் வந்துவிட்டது. அன்று ராத்திரியே "அப்பா, இது நீங்க மூடி வைக்க முடியாத லிஸ்ட்ல வருது" என்று சொல்லிக்கொண்டு வந்தான். யாருக்கும் அனுப்பாதே, ஆதாரத்துக்கு என்று எனக்குக்கூட அனுப்பாதே என்றேன். பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் அப்படிப்பட்ட படத்தைப் பரப்புவது குற்றம் என்று பல பேருக்குத் தெரியும். போனில் வைத்திருப்பதே சிக்கல் என்று தெரியாது. டவுன்லோட் செய்து பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் சொல்லியிருந்தது, அந்தத் தீர்ப்பை அதே வருடம் செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. பிள்ளைகளுக்கான உதவி எண் 1098க்குப் போன் செய்தோம். இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள், பிள்ளைகளே நேரடியாகவும் பேசலாம். அதற்கு மேல் நடந்தது அந்தப் பிள்ளையின் விஷயம், இங்கே வேண்டாம்.

பேனரில் பார்த்த என் தங்கச்சி மகள் கதை தனி. விழா நடந்து ஒரு வருடத்தில் அவளுக்கு இரண்டு மாதமாகத் தீட்டு வரவில்லை. அவள் அம்மா, அதாவது என் தங்கச்சி, கேட்ட முதல் கேள்வி: "யார்கூடயாச்சும் பேசுறியா?" பதின்மூன்று வயதுப் பிள்ளை. அன்றோடு அம்மாவிடம் அந்தப் பேச்சை நிறுத்திக்கொண்டாள். என் மனைவிக்கு மட்டும் ஒரு நாள் பூத் தொடுத்துக்கொண்டிருக்கும்போது, நூலைப் பார்த்துக்கொண்டே, "அத்தை, ரெண்டு மாசம் வரலைன்னா கர்ப்பமா?" என்று கேட்டிருக்கிறாள். இவளுக்குக் கை நின்றுவிட்டதாம். ஆனாலும் தொடுப்பதை விடாமல், ஆணும் பெண்ணும் உடலுறவு கொண்டால்தான் கர்ப்பம் ஆகும், உன் வயதில் வராமல் தள்ளிப்போக நிறையக் காரணம் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். பிறகு யாரும் உன்னைத் தொந்தரவு செய்தார்களா என்று தணிந்த குரலில் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறாள். இல்லை.

"அம்மாகிட்ட நான் பேசட்டுமா?" என்று அவளிடமே கேட்டு, தங்கச்சியையும் சமாதானப்படுத்தி, அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். முதல் இரண்டு மூன்று வருடம் முன்னேபின்னே வரத்தான் செய்யும், 21 நாளிலிருந்து 45 நாள்வரை ஒரு சுற்று இருக்கலாம் என்றார் அங்கிருந்த டாக்டரம்மா. மூன்று மாதம் வராவிட்டாலோ, ஏழு நாளுக்கு மேல் நிற்காவிட்டாலோ, மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ வரச் சொன்னார். பதினைந்து வயதாகியும் வயதுக்கு வராத பிள்ளையையும் காட்ட வேண்டுமாம். ரத்தம் பரிசோதித்ததில் இரும்புச்சத்து குறைவு. பள்ளிக்கூடத்தில் வாரம் ஒன்று தருகிற நீல மாத்திரை என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, கருப்பாக வெளிக்குப் போகிறது, ரத்தம் கெட்டுவிட்டது என்று பயந்து ஜன்னல் வழியே எறிந்தேன் என்றாள். அந்த மாத்திரை சாப்பிட்டால் அப்படித்தான் போகும். ஒரு வாக்கியத்தில் முடிகிற பதில், கேட்க ஆள் இல்லாமல் மாத்திரை வெளியே போய்க்கொண்டிருந்திருக்கிறது. அந்த ஊரில் அவளுக்கு நான் அடித்துக் கட்டிய பேனர் நாலு.

பூப்புனித நீராட்டு பேனரை நான் விட்டுவிடவில்லை, பிழைப்பு அது. ஆர்டர் கொடுக்க வருகிறபோது பிள்ளையும் கூட வந்தால் "பாப்பா, உன் படம் போடவா, பூ மட்டும் போடவா?" என்று அவளிடம் கேட்கிறேன். அப்பாக்கள் சிரிப்பார்கள். இதுவரை மூன்று பிள்ளைகள் பூ கேட்டிருக்கிறார்கள். ஒரு வீட்டில் ஒத்துக்கொண்டார்கள்.

போன ஐப்பசியில் விடாத மழை, துணி எதுவும் காயவில்லை. வீட்டுக்கு ஒரு உறவுக்காரர் பத்திரிகை வைக்க வந்திருந்தார். காபி கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தோம். பாத்ரூமுக்குள்ளிருந்து இவன் சத்தம் போட்டான்: "அப்பா, தொடை இடுக்குல படர்தாமரை மாதிரி இருக்கு, விதைப் பக்கம் வேற அரிக்குது. மாமாகிட்ட கேட்டுட்டேன், போட்டோல்லாம் அனுப்பல, வாயாலயே சொன்னேன். ஒரு களிம்பு பேரு சொல்லியிருக்காரு, வாங்கிட்டு வாங்க. கடைக்காரரு ஸ்டீராய்டு கலந்ததைத் தருவாராம், அது வேணாமாம், அதிகமாயிருமாம்."

உறவுக்காரர் பத்திரிகையை எடுத்து, அவரே கொண்டுவந்த பத்திரிகை, முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். திண்ணையிலிருந்து அம்மா, "துணிய அயர்ன் பண்ணிப் போடச் சொல்லுடா" என்றாள். நான் பைக் சாவியைத் தேடினேன்.